பழைய சி10 பிக்கப்பில் பிரேக் தகராறா? முதலில் அறிகுறியைப் பாருங்கள், பாகத்தை அப்புறம் வாங்கலாம்

1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப், கம்பெனியிலிருந்து இறங்கிய அதே பிரேக்கோடு இன்று ஓடிக்கொண்டிருந்தால் அது அபூர்வம்தான். முன்பக்க டிரம்மை (சுழலும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிக்கும் பிரேக்) கழற்றி எறிந்துவிட்டு 1980களின் டிரக்கிலிருந்து டிஸ்க் (சுழலும் தகட்டைப் பேட் இரு பக்கமும் கவ்வும் பிரேக்) மாட்டியிருப்பார்கள், எஞ்சினின் வேக்கத்தால் கால் விசையைக் கூட்டும் பூஸ்டர் ஏதோ ஒரு கிட்டில் வந்திருக்கும், பின் ஆக்சில் வேறொரு வண்டியுடையது, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் யாருடையது என்று கடவுளுக்கே வெளிச்சம். இந்த வண்டியோடு உதிரிபாகக் கடைக்குப் போனால் கவுண்டரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன வருஷம்?" என்பதுதான். 1969 என்று சொன்னால் அவர் 1969க்கு உரிய பாகத்தை எடுத்து வைப்பார். அவர் மேல் தப்பில்லை. உங்கள் வண்டியில் 1969 என்பது ஆர்.சி.யில் மட்டும்தான் இருக்கிறது, சக்கரத்துக்குப் பின்னால் இல்லை.

அதனால் வருஷத்தை மறந்துவிட்டு, வண்டியில் இப்போது என்ன மாட்டியிருக்கிறது என்பதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இது அரை நாள் வேலை. ஜாக் போட்ட பிறகு கட்டாயம் ஸ்டாண்டும் வையுங்கள்.

கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டியவை

சக்கரத்தை மாட்டும் ஸ்டட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 1970 வரை டூ வீல் டிரைவ் சி10க்கு 6 ஸ்டட், 5.5 அங்குல வட்டம் (ஸ்டட் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்), முன்னால் டிரம். 1971இல் முன் டிஸ்க் வந்தது, கூடவே 5 ஸ்டட், 5 அங்குல வட்டமும் வந்தது. ஆக 1969 வண்டியில் முன்னால் 5 ஸ்டட் இருந்தால், முன்பக்கம் 1971 அல்லது அதற்குப் பிந்தைய வண்டியிலிருந்தோ ஏதாவது கிட்டிலிருந்தோ வந்தது என்று அர்த்தம். அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்து பாருங்கள். 2.94 அங்குலம் வந்தால் 5 அங்குல வட்டம். 2.79 வந்தால் அது 4.75 அங்குல வட்டம், அதாவது கார் பாகங்களை வைத்துச் செய்த கிட். முன்னால் டிஸ்க் இருந்தும் 6 ஸ்டட் என்றால், பழைய 6 ஸ்டட் வீலை விட மனசில்லாமல் யாரோ தனியாகச் செய்யப்பட்ட ரோட்டரை (பேட் கவ்வும் அந்தச் சுழலும் தகடு) வாங்கி மாட்டியிருக்கிறார். அந்த வண்டிக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண 1971 ரோட்டர் உதவாது.

அடுத்தது ரோட்டரின் கனம். பலரும் வழுக்கி விழும் இடம் இது. 1973 முதல் 1987 வரையிலான அரை டன் டிரக்குகளில் இரண்டு வகை ரோட்டர் உண்டு, ஒன்று சுமார் 1 அங்குலக் கனம், மற்றது சுமார் 1.25 அங்குலம். இரண்டின் காலிப்பரும் (பேடை ரோட்டரில் அழுத்தும் பாகம்) வேறு. வெர்னியரை நேராக வைத்து அளந்தால் தேயாத விளிம்பில் இடித்துக்கொண்டு அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் இரண்டு பக்கமும் பேட் உரசும் இடத்தில் ஆளுக்கொரு கால் டாலர் நாணயத்தை வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, 3.5 மி.மீ. கழித்துவிடுங்கள் (ஒரு நாணயம் 1.75 மி.மீ.). 1.25 ரோட்டர் எவ்வளவு தேய்ந்தாலும் 1 அங்குலத்துக்கு வருமுன்பே கழிக்க வேண்டியதாகிவிடும், எனவே இரண்டுக்கும் குழப்பம் வராது. குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்பது ரோட்டரிலேயே வார்ப்பில் இருக்கும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள்.

கிளவ் பாக்ஸில் ஒட்டியிருக்கும் பாக ஸ்டிக்கரில் ஜேபி5, ஜேபி6 என்று குறியீடு இருக்கும், அதைப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஜேபி5 என்றால் 1 அங்குலம், ஜேபி6 என்றால் 1.25, சரிதான். ஆனால் உங்களுக்கு வேண்டிய ஸ்டிக்கர் பாகம் கொடுத்த அந்த இன்னொரு வண்டியின் கிளவ் பாக்ஸில் இருக்கிறது, அந்த வண்டியோ எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். உங்கள் வண்டியின் ஸ்டிக்கர் அது பிறந்தபோது எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும்.

காலிப்பரில் ஹோஸைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் பாருங்கள். 1977 வரையிலான பெரிய ஜிஎம் (ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ்) காலிப்பர்களில் 7/16 அங்குல போல்ட், அங்குலத்துக்கு 20 மரை. 1978 முதல் 10 மி.மீ., 1.5 பிட்ச். காலிப்பர் புதிதாகவும் ஹோஸ் பழையதாகவும் இருந்தால் இங்கேதான் சண்டை வரும். போல்ட்டின் தலைக்குக் கீழும் ஹோஸுக்குக் கீழும் இருக்கும் இரண்டு செம்பு வாஷரையும் கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போடுங்கள்.

பின்னால் டிரம்மின் விட்டமும் அகலமும்: 11க்கு 2 அங்குலமா, 11.15க்கு 2.75ஆ. கடைசியாக மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம். சிலவற்றில் பக்கவாட்டில் வார்ப்பிலேயே இருக்கும், இல்லையென்றால் கழற்றித்தான் அளக்க வேண்டும். இத்தனையும் ஒரு காகிதத்தில் எழுதி, கடையில் "1969 சி10" என்று சொல்லாமல் "1985 சி10, 1 அங்குல ரோட்டர், இடது காலிப்பர்" என்று கேளுங்கள். சரி, இனி அறிகுறிகள்.

பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது

இதில் மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றுக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதுதான் ஊர் வழக்கம், பெரும்பாலும் அது வீண் செலவு.

பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால் மேலே ஏறுகிறதா? உள்ளே காற்று இருக்கிறது. நன்றாக ஏர் எடுத்த பிறகும் அப்படியே இருந்தால் முன் காலிப்பரைக் குனிந்து பாருங்கள், ஏர் எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது? அது காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். ஸ்பிண்டில் (முன் சக்கரம் சுழலும் அச்சு) மாற்றிய வண்டிகளில் இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டிவிடுவது சர்வசாதாரணம், ஏனென்றால் போல்ட் அச்சாகப் பொருந்தும், பேட் பொருந்தும், வண்டி நிற்கவும் செய்யும். நிப்பிள் மட்டும் கீழே போயிருக்கும். காற்று மேலே தங்கும், ஆயில் கீழே வழியும், லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் காற்று வெளியே வராது. பக்கத்துத் தெருவில் ஒரு 1968 வண்டிக்கு இதே கதை. இரண்டு மாஸ்டர் சிலிண்டர் மாற்றி, ஹோஸ் எல்லாம் மாற்றி, கடைசியில் பூஸ்டருக்கு ஆர்டர் போட இருந்த நேரத்தில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு காலிப்பரையும் பக்கம் மாற்றினோம், பெடல் அன்றே சரியாகிவிட்டது. ஒரு பாகம்கூட வாங்கவில்லை.

பெடல் ஆழமாகப் போய், அடியில் கெட்டியாக நிற்கிறதா? ஸ்பாஞ்ச் இல்லை, தூரம்தான் அதிகம். இது பெரும்பாலும் பின் டிரம் ஷூவின் இடைவெளி. அட்ஜஸ்டரைத் திருப்பி, ஷூ டிரம்மில் லேசாக உரசும் வரை கொண்டுவாருங்கள். அதோடு ஷூவின் இடத்தையும் பாருங்கள், சின்ன லைனிங் உள்ளது முன்பக்கமும் பெரிய லைனிங் உள்ளது பின்பக்கமும் இருக்க வேண்டும். ஷூ சரியாக இருந்தும் பெடல் ஆழம் போனால் அப்போது மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படலாம். டிரம் காலத்து மாஸ்டர் தள்ளும் ஆயில், 2.94 அங்குல பிஸ்டன் கொண்ட இரண்டு காலிப்பருக்குப் போதாது. பூஸ்டர் உள்ள டிஸ்க்/டிரம் வண்டிக்கு 1-1/8 அங்குல மாஸ்டர்தான் வழக்கம்.

பெடலை மிதித்து அப்படியே பிடித்தால் மெதுவாக அடிக்கு இறங்குகிறதா? வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டருக்குள் ரப்பர் போய்விட்டது. இந்த ஒரு நிலையில் மட்டும் தயங்காமல் மாஸ்டர் சிலிண்டரை வாங்கலாம். மாட்டும் முன் மேஜையில் வைத்து அதில் ஏர் எடுத்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் கோளாறு என்றே புரியவில்லையா? ரப்பர் ஹோஸைச் சேதப்படுத்தாமல் அடைக்கும் கிளாம்ப் ஒன்றை வாங்கி, முன் இடது, முன் வலது, பின் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக அடைத்து பெடலை மிதித்துப் பாருங்கள். எதை அடைக்கும்போது பெடல் சட்டென்று மேலே வருகிறதோ, கோளாறு அந்த ஹோஸுக்கு அப்பால். மூன்றையும் அடைத்தும் பெடல் கீழே போனால் மாஸ்டரோ பைப்போ.

பெடல் கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது

பூஸ்டர் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். எஞ்சினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்து, கடைசியில் மிதித்தபடியே பிடித்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் உடனே பூஸ்டரை மாற்றாதீர்கள், வேக்கம் கேஜ் வைத்து அளவெடுங்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண எஞ்சினில் ஐடிலில் சுமார் 18 அங்குலம் பாதரசம் இருக்கும். பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு ஐடிலில் குலுங்கும் எஞ்சினில் அது 10, 12 என்று இருக்கும். அதில் எந்தப் பூஸ்டரும் பாதி வேலைதான் செய்யும், விலை உயர்ந்ததை வாங்கினாலும் அதே கதி. அங்கே வாங்க வேண்டியது மின்சார வேக்கம் பம்ப், அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயிலில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட். இல்லையா, பூஸ்டரே வேண்டாம் என்று கைவிடலாம்.

பூஸ்டரை எடுத்துவிட்ட வண்டிகளுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுமையாகப் படியுங்கள். காலின் விசை 70 பவுண்டு, பெடலின் விகிதம் 6க்கு 1 என்று வைத்துக்கொண்டால் மாஸ்டரின் பிஸ்டனுக்கு 420 பவுண்டு போகிறது. 1 அங்குல மாஸ்டரின் பரப்பு 0.785 சதுர அங்குலம், ஆக அழுத்தம் சுமார் 535 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதே காலால் 1-1/8 அங்குல மாஸ்டரை (0.994 சதுர அங்குலம்) மிதித்தால் சுமார் 422 பிஎஸ்ஐதான் வரும். பெரிய மாஸ்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை இங்கேயே உடைந்துவிடுகிறது. பெரியது அதிக ஆயிலைத் தள்ளும், பெடல் தூரம் குறையும், ஆனால் அழுத்தமும் குறையும். பூஸ்டர் இல்லாத டிஸ்க் வண்டிக்கு 1 அங்குலம் போதும். பெடலில் புஷ் ராட் (மாஸ்டரைத் தள்ளும் கம்பி) மாட்ட இரண்டு ஓட்டை இருந்தால், பூஸ்டர் இல்லாத வண்டிக்கு பெடலின் கீலுக்கு அருகில் உள்ள ஓட்டைதான் சரி. பூஸ்டர் பெடலின் விகிதம் 4க்கு 1 அளவில்தான் இருக்கும், அதை அப்படியே வைத்துக்கொண்டு பூஸ்டரை மட்டும் எடுத்தவர்கள்தான் கால் வலிக்கிறது என்று புலம்புகிறவர்கள்.

அந்த 1 அங்குல மாஸ்டரை வாங்கும்போது பின்பக்கம் பிஸ்டனில் உள்ள குழியைப் பார்த்து வாங்குங்கள். பூஸ்டருக்கு வரும் மாஸ்டரில் குழி ஆழமில்லை, பூஸ்டர் இல்லாததற்கு ஆழமான குழி இருக்கும். ஆழமில்லாததைப் பூஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால், பெடல் முழுதாக மேலே வரும்போது புஷ் ராட் நழுவி விழுந்துவிடலாம். அடுத்த முறை மிதிக்கும்போது பிரேக்கே இருக்காது. விலை ஒன்றுதான், பார்த்து வாங்குவதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

காலிப்பரையும் மறந்துவிடக் கூடாது. 4.75 அங்குல வட்ட கிட்டுகள் பலவற்றில் 1978க்குப் பிந்தைய ஜிஎம் நடுத்தரக் கார்களின் காலிப்பர் வரும், அதன் பிஸ்டன் 2.5 அங்குலம். பரப்பு 4.9 சதுர அங்குலம். டிரக் காலிப்பரின் 2.94 அங்குல பிஸ்டனில் அது 6.8. கால் பங்குக்கு மேல் குறைவு. அந்தக் கார் எடைக்கு அது போதும், பின்னால் மணல் ஏற்றிய பிக்கப்புக்குப் போதாது. இந்த நிலையில் பேடை மட்டும் விலை உயர்ந்ததாக மாற்றிக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சக்கரம் சூடாகிறது, வண்டி தானாகப் பிடித்துக்கொள்கிறது

இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகச் சூடானால் கோளாறு மேலே, மாஸ்டர் பக்கம். ஒன்று மட்டும் சூடானால் அந்தச் சக்கரத்தில்.

இரண்டும் சூடானால், மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, மாஸ்டரை ஓரிரு மி.மீ. முன்னால் இழுத்துப் பாருங்கள். சக்கரம் விட்டுவிட்டால் புஷ் ராட் நீளம் அதிகம், குறைக்க வேண்டும். அங்கே எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். விடவில்லை என்றால், முன் சக்கரத்தின் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அழுத்தம் இறங்கியதும் சக்கரம் விட்டால், எங்கோ அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. டிரம்/டிரம் மாஸ்டர்களின் வெளிவாயிலில், பித்தளை சீட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ அளவு மிச்ச அழுத்தம் வைத்திருக்க அது. டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் பிரச்சினையில்லை, டிஸ்க்கில் பேடை இழுக்க ஸ்பிரிங் கிடையாது, அந்த அழுத்தத்துக்கே பேட் உரசிக்கொண்டிருக்கும். பைப்பைக் கழற்றி வாயிலில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், ரப்பரில் முட்டினால் வால்வு இருக்கிறது. டிஸ்க்/டிரம் மாஸ்டர் வாங்குங்கள். அதை அடையாளம் காண எளிது, டிஸ்க்குக்கான தொட்டி பெரிதாக இருக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. 1947 முதல் 1955 வரையிலான ஷெவர்லே டிரக்குகளில் மாஸ்டர் தரைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். அங்கே டிஸ்க் போட்டால் ஆயில் திரும்பி இறங்கிவிடாமல் இருக்க 2 பிஎஸ்ஐ வால்வு வேண்டும். 10 அல்ல, 2.

ஒரு சக்கரம் மட்டும் சூடானால் முதல் சந்தேகம் ஹோஸ். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே ரப்பர் வீங்கி வழியை அடைத்திருக்கும். கால் விசையில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. ஹோஸ் மலிவு, காலிப்பரை வாங்குவதற்கு முன் அதை மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது

பிக்கப்பில் காலி வண்டிக்குப் பின்னால் எடையே இல்லை, அதனால் இது ஆபத்தான அறிகுறி. ஈரச் சாலையில் வண்டி சுற்றிவிடும். முன்னால் டிஸ்க் மாற்றியவர்கள் டிரம் காலத்து விநியோக பிளாக்கை அப்படியே விட்டிருப்பார்கள், அதில் பின் அழுத்தத்தைக் குறைக்கும் வேலையே இல்லை. அந்தக் குறைப்பையும் எச்சரிக்கை விளக்கின் ஸ்விட்ச்சையும் ஒன்றாக வைத்திருக்கும் டிஸ்க்/டிரம் காம்பினேஷன் வால்வு வேண்டும். பின்னாலும் டிஸ்க் போட்டிருந்தால் அந்த வால்வும் தப்பு, டிஸ்க்/டிஸ்க் வகை கேளுங்கள். வண்டியை மிகவும் தாழ்த்தி, பின்னால் அகலமான டயர் போட்டு எல்லாக் கணக்கையும் கலைத்தவர்களுக்கு, பின் அழுத்தத்தைக் கையால் திருகிக் கூட்டிக் குறைக்கும் புரோபோர்ஷனிங் வால்வுதான் நல்லது. காலி மைதானத்தில், குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, முன் சக்கரம் முதலில் பூட்டும் வரை திருகுங்கள்.

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம். அதில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த வால்வு ஒன்று, பாரம் எவ்வளவு என்று பார்த்து பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும். வண்டியை உயர்த்தினால் அது எப்போதும் காலி வண்டி என்றே நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பிடிக்காது, முன் பேட் சீக்கிரம் தேயும். வால்வை மாற்ற வேண்டாம், ஆக்சில் பக்கத்துப் பிராக்கெட்டை உயர்த்தினால் போதும்.

ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பெடல் துடிக்கிறது

இழுத்தால் ஹோஸ், சிக்கிய காலிப்பர் பின், எண்ணெய் பட்ட பேட் என்ற வரிசையில் பாருங்கள். வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான் பிடிக்காத பிரேக் இருக்கும். மாற்றிய வண்டிகளில் ஒரு பக்கம் 1 அங்குலக் காலிப்பர், மறுபக்கம் வேறு என்று ஜோடி சேராமல் மாட்டியிருப்பதும் உண்டு. துடித்தால் வீல் பேரிங்கை முதலில் இறுக்கிப் பாருங்கள், அதன் பிறகு ரோட்டர்.

பைப் முனையில் கசிவு, எச்சரிக்கை விளக்கு அணையவில்லை

பழைய பைப்பின் முனை 45 டிகிரி இரட்டை மடிப்பு. பிற்கால ஜிஎம் பாகங்களில் குமிழ் போன்ற மெட்ரிக் முனை வரும். இரண்டும் ஒன்றில் ஒன்று ஏறும், இறுகவும் செய்யும், ஆனால் கசியும். மேலும் இறுக்கினால் சீட்தான் நசுங்கும். சரியான அடாப்டர் வாங்குங்கள், அல்லது நிக்கல் செம்புக் குழாயில் புதிய முனை போடுங்கள். பிளம்பிங் கடைச் செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.

ஏர் எடுத்த பிறகு டேஷில் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், காம்பினேஷன் வால்வுக்குள் உள்ள சின்ன பிஸ்டன் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. ஒதுங்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்க நிப்பிளைத் திறந்து யாரையாவது பெடலை மெதுவாக மிதிக்கச் சொன்னால் பெரும்பாலும் நடுவுக்கு வந்துவிடும். வரவில்லை என்றாலோ, ஸ்விட்ச்சைக் கழற்றும்போது ஆயில் நனைந்து வந்தாலோ, வால்வின் உள் ரப்பர் போய்விட்டது, வால்வையே மாற்றுங்கள். அதையும் வருஷம் சொல்லிக் கேட்காதீர்கள், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று சொல்லிக் கேளுங்கள்.